நம் ஏரி, வயல், ஓடைகளின் நீர்ச்செடிகளைக் கொண்டே ஒரு தொட்டி: விவாத இழை

ஏரிக்கரை (செங்கல்பட்டு), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். நாம் இங்கே பகிர்ந்துகொள்ளும் செடித்தொட்டிப் படங்களில் உள்ள செடிகளில் பெரும்பகுதி, திசு வளர்ப்புக் குவளைகளில் அடைத்து வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, கடைகளில் கணிசமான விலைக்கு விற்கப்படுபவை. அவற்றின் பிறப்பிடத்தைத் தேடிப் பார்த்தால், பல செடிகள் நம் மண்ணிலிருந்து போனவை என்பது தெரிகிறது. செந்நிற இலைகளுக்காக எல்லோரும் விரும்பும் ரோட்டாலா மக்ராண்ட்ரா தென்மேற்கு இந்தியாவின் நீர்நிலைகளுக்குரியது. பொகோஸ்டெமன் எரெக்டஸும் லேகனான்ட்ரா மீபோல்டியும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிக்கே உரியவை. தொடக்கநிலையாளர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பக்கோப்பா மொன்னியேரி, நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் நீர்ப்பிரமிதான்.

ஜப்பானின் தகாஷி அமானோ 1982 இல் நிகாட்டாவில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, செடித்தொட்டி அமைக்கும் இக்கலை உலகெங்கும் பரவியது. அவர் அடிப்படையில் ஒரு நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர். தாம் பார்த்துப் பழகிய மலையையும் காட்டையும் நினைவில் வைத்தே தொட்டிகளை அமைத்தார். நாமோ அவர் பார்த்த மலையைத்தான் இன்னும் நம் கூடத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தெளிந்து நிற்கும் ஓர் ஏரியின் கரையோரத்தைப் போன்ற தொட்டியை நம் குழுவில் எவரும் முழுமையாக முயன்றதாக நான் பார்க்கவில்லை.

ஆகவே 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட, ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளும் தொட்டியை முழுக்க உள்நாட்டுச் செடிகளால் அமைக்க எண்ணியிருக்கிறேன். பின்புறம் வாலிஸ்நேரியாவும் லிம்னோஃபிலா ஹெட்டிரோஃபில்லாவும். நடுவில் க்ரிப்டோகொரைனி ஸ்பைராலிஸ். ஓரிரு இடங்களில் கொட்டிக்கிழங்கு. முன்புறம் புல்தரைக்கு மாற்றாக ஆரை. அடியில் ஏரி வண்டல், அதன் மேல் சலித்த ஆற்று மணல். கரியமில வாயு உருளை வைக்கும் எண்ணம் இல்லை. செடிகள் எவையும் காட்டு ஓடைகளிலிருந்து பறிக்கப்பட்டவையாக இருக்கக் கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறேன். குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

தொட்டிப்பிரியன் (சென்னை)

முயற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால் உள்நாட்டுச் செடி என்பதாலேயே அது எளிதாக வளர்ந்துவிடும் என்ற எண்ணம் இங்கே பரவலாக இருப்பதால், சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு, லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான். உருளை வைத்து நாம் ஊட்டும்போது எட்ட முயல்வது 20 முதல் 30 மில்லிகிராம். மேலும் இவ்வாயு நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே. இவ்வளவு நெருக்கடியில் ரோட்டாலா மக்ராண்ட்ரா போன்ற செடி சிவக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அது அடி இலைகளை உதிர்த்துவிட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து போகும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. தூய கரியமில வாயு 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.7 கிராம் கரையும். 30 பாகையில் அது 1.25 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் தொட்டி நீர் 32 பாகையைத் தாண்டுவது வழக்கமானது. அப்போது செடியின் சுவாசம் கூடுகிறது. அதற்குக் கிடைக்கும் கரியமில வாயுவோ குறைகிறது. கோடையில் பலருடைய தொட்டிகளில் பாசி அள்ளிக்கொண்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பாளையங்கோட்டை ஆசிரியை

தொட்டிப்பிரியன் ஐயா கொடுத்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றை எல்லாச் செடிகளுக்கும் ஒரே அளவாகப் பொருத்த முடியாது. நீரில் மூழ்கி வாழும் செடிகளில் ஒரு பிரிவு, கரைந்த கரியமில வாயு குறைந்ததும் நீரிலுள்ள பைகார்பனேட்டைக் கரிமத்துக்கான மூலமாகப் பயன்படுத்தக் கற்றிருக்கிறது. ஹைட்ரில்லாவும் வாலிஸ்நேரியாவும் செரட்டோஃபில்லமும் அப்படிப்பட்டவை. பள்ளி ஆய்வகத்தில் புனலையும் சோதனைக்குழாயையும் கவிழ்த்து, ஹைட்ரில்லாவிலிருந்து குமிழிகள் எழுவதைக் காட்டும்போது, நீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் சேர்ப்போம் அல்லவா? அது இதற்காகத்தான். கடின நீரில் வளரும் ஹைட்ரில்லாவின் இலைமீது வெண்ணிறச் சுண்ணப் படிவு படர்வதும் இதே செயலின் விளைவு: பைகார்பனேட் உறிஞ்சப்பட, இலையருகே நீரின் காரத்தன்மை உயர்ந்து, கால்சியம் கார்பனேட் படிகிறது.

க்ரிப்டோகொரைனி பெரும்பாலும் கரைந்த வாயுவை நம்பியே வாழ்வது. ஆனால் அதன் வளர்ச்சியே மெதுவானது என்பதால் தேவையும் குறைவு. அத்துடன், வண்டலில் கரிமப் பொருள் சிதையும்போது வெளிப்படும் கரியமில வாயு, அடித்தள நீரில் காற்றுச் சமநிலையை விடப் பல மடங்கு அதிகமாகவே இருக்கும். ஆகவே ஏரிக்கரை அவர்களின் பட்டியலில் உருளை இல்லாமல் தடுமாறக்கூடியது லிம்னோஃபிலா ஒன்றுதான். அதைத் தொட்டியின் ஒளி மிகுந்த மூலையில் நட்டு, நுனி நீர்மட்டத்தைத் தாண்டி வெளியே வர விட்டுவிடலாம். மூழ்கிய நிலையில் நூலிழைகளாகப் பிளந்திருக்கும் இலை, நீருக்கு மேலே வந்ததும் பிளவற்ற சிறு இலையாக மாறும். ஒரே தண்டில் இரண்டு விதமான இலைகளைப் பார்ப்பதைவிடச் சிறந்த தாவரவியல் பாடம் எதுவும் என் வகுப்பறையில் எனக்கு வாய்த்ததில்லை.

இதையொட்டி ஒரு செய்தி. வளர்ப்புப் பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு மேல், ஈரமான காற்றில்தான் வளர்க்கிறார்கள். அவற்றை வாங்கி மூழ்க வைத்ததும் பழைய இலைகள் அழுகுவது நோய் அன்று. புதிய இலை நீருக்கேற்ற மெல்லிய அமைப்புடன் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

புதியவன் (கோயம்புத்தூர்)

மன்னிக்க வேண்டும், தொடக்கநிலைக் கேள்வி. எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. மிகவும் மென்மையான நீர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் பைகார்பனேட்டும் குறைவாகத்தானே இருக்கும்? நான் வாலிஸ்நேரியாவை விட்டுவிட வேண்டுமா?

பாளையங்கோட்டை ஆசிரியை

விட வேண்டியதில்லை, தம்பி. சலித்த ஆற்று மணலில் ஒரு கைப்பிடி நொறுக்கிய கிளிஞ்சல் கலந்தால் போதும். அது மெதுவாகக் கரைந்து தேவையான அளவு கடினத்தன்மையைக் கொடுக்கும். உங்கள் நீரின் மென்மை ஒரு பெரும் பேறு. ரோட்டாலா வகைகளையும் எரியோகாலான் வகைகளையும் முயல விரும்பினால், ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் சென்னை நண்பர்களைவிட உங்களுக்கே வாய்ப்பு அதிகம்.

மகாவலி (கண்டி)

வணக்கம். க்ரிப்டோகொரைனி பற்றிப் பேச்சு வந்தபடியால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் சொல்ல விரும்புகிறேன். உலகெங்கும் மீன்தொட்டிக் கடைகளில் அதிகமாக விற்பனையாகும் க்ரிப்டோகொரைனி வென்டியை இலங்கைக்கு மட்டுமே உரிய தாவரம். பெக்கட்டியை, வோக்கரி, வில்லிசியை ஆகியனவும், இந்த இனத்திலேயே மிகச் சிறியதான பார்வாவும் அவ்வாறே. 19 ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அவர்களின் பெயரைத் தாங்கிய துவைற்சியை, ஈரவலயத்தின் மிகச் சில நிழல் நீரோடைகளில் மாத்திரம் காணப்படுவது. ஓர் ஓடையின் ஒரு வளைவில் மட்டும் வாழுகின்ற கூட்டம் ஒன்றை ஒருவர் ஒரு பகற்பொழுதில் வேரோடு அகற்றிவிட முடியும். அங்கே அது மீண்டும் தோன்றும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஏனெனில் இச்செடி பெரும்பாலும் நிலத்தடித் தண்டினாலேயே பரவுகிறது, விதையினால் புதிய இடங்களைப் பிடிப்பது அரிது.

வேடிக்கை என்னவென்றால், தன் சொந்த ஓடைகளில் இத்தனை குறுகிய பரம்பலைக் கொண்ட பெக்கட்டியை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்கோஸ் ஆற்றில் களையாகப் பெருகி, அங்கே அதைப் பிடுங்கி அகற்ற வேண்டியதாயிற்று. யாரோ தொட்டியைக் கழுவி ஆற்றில் கொட்டியதன் பயன் அது. ஆகவே எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு செடி அரியதாகவோ களையாகவோ ஆகிறது.

செயன்முறைக் குறிப்பு ஒன்று: வென்டியையை இடம் மாற்றினால் இலைகள் கரைந்து போகும். கிழங்குத்தண்டு உறுதியாக இருக்குமானால் தூக்கி எறிய வேண்டாம். காபனீரொட்சைட்டு (நீங்கள் சொல்லும் கரியமில வாயு) ஊட்டாமலும், குறைந்த ஒளியிலும் அது மீண்டும் துளிர்க்கும். ஒளித்தொகுப்பு மெதுவாக நடைபெறும் செடிக்கு நம்முடைய அவசரம் பொருந்தாது.

கடைமடை உழவன் (திருத்துறைப்பூண்டி)

நான் மீன்தொட்டி வைப்பவன் அல்லன். என் மகள் வைத்திருக்கிறாள். அவள் காட்டித்தான் இந்த இழையைப் படித்தேன். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் செடிகளில் பாதி எங்கள் வயலில் களை என்ற பெயரில் இருப்பவை என்பதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. ஆரை, நீர்முள்ளி, நீர்மேல்நெருப்பு, வரப்போரத்து நீர்ப்பிரமி ஆகியவற்றையெல்லாம் சிறுவயதில் காலில் மிதிபடாமல் நடக்க முடியாது. ஆரையை என் தாயார் கீரையாகக் கடைந்து கொடுப்பார். இப்போது நடவு முடிந்த சில நாட்களிலேயே பூட்டாகுளோர் அல்லது அதையொத்த களைக்கொல்லியைத் தெளித்துவிடுகிறோம். கை களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் உழவனைக் குறை சொல்லவும் வழியில்லை. ஆனால் அதன் விளைவாக, வாய்க்காலின் சரிவிலும், மருந்து எட்டாத மூலைகளிலும்தான் இச்செடிகள் தப்பியிருக்கின்றன.

மீன்தொட்டிக்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சம்பா வயலிலிருந்து நேரே பறித்த செடியை இறால் உள்ள தொட்டியில் போடாதீர்கள். குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தெளிக்கும் மருந்து இலையில் ஒட்டியிருந்தால், மீன் பிழைத்தாலும் இறால் பிழைக்காது. பாரம்பரிய நெல்லை மருந்தின்றிப் பயிரிடும் உழவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் ஆரையை மகிழ்ச்சியோடு அள்ளிக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் ஒரு களை குறையும்.

ஏரிக்கரை

உழவர் ஐயா, நீங்கள் எழுதியதற்கு மிகவும் நன்றி. இந்த இழையில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள செய்தி இதுதான். வயலிலிருந்து வரும் செடியைத் தனி வாளியில் இரண்டு, மூன்று வாரம் வைத்து, நீரை அடிக்கடி மாற்றி, புதிதாக வந்த துளிரை மட்டும் நறுக்கித் தொட்டிக்குக் கொண்டு போவது என்று வைத்துக்கொள்கிறேன். தும்பியின் இளவுயிரிகளும் வாளியிலேயே அகப்பட்டுவிடும். அவை மீன்குஞ்சுகளைத் தின்பவை.

தொட்டிப்பிரியன்

பைகார்பனேட் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன், அம்மா. ஆனால் காட்டு ஓடையிலிருந்து ஒரு செடிகூட எடுக்கக் கூடாது என்ற விதி மிகவும் கடுமையானது என்றே நினைக்கிறேன். க்ரிப்டோகொரைனி ரெட்ரோஸ்பைராலிஸ் நம் மலையடிவார ஆறுகளில் பாறை இடுக்குகளில் திட்டுத்திட்டாகப் பரவிக் கிடக்கிறது. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரும் செடிகளே ஏராளம். ஆர்வலர் ஒருவர் இரண்டு கன்றுகள் எடுத்துப் பெருக்கினால், அது அழிவு ஆகாது. ஒரு வகையில் காப்பு ஆகும். கடைகளில் பெயரில்லாமல் கிடைக்கும் கலப்பினங்களை வளர்ப்பதைவிட, இடம் தெரிந்த செடியை வளர்ப்பதற்கே அறிவியல் மதிப்பு அதிகம்.

பாளையங்கோட்டை ஆசிரியை

இடம் தெரிந்த செடிக்கு மதிப்பு அதிகம் என்பதில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் மற்றதில் உடன்பட முடியவில்லை. காப்புக்காட்டுக்குள் செடியைப் பிடுங்குவது 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி குற்றம். அது விருப்பத்தைப் பொறுத்த செய்தி அன்று. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், ரெட்ரோஸ்பைராலிஸின் வாழ்க்கை முறையைப் பாருங்கள். பருவமழையில் ஆறு பெருகியிருக்கும்போது அது மூழ்கி, வேரால் பாறை இடுக்கைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கிச் செடி வெளியே தெரியும்போதுதான் பூக்கிறது. நாம் மலைப்பக்கம் செல்வதும், ஆற்றில் இறங்குவதும், செடி கண்ணில் படுவதும் அந்த மாதங்களில்தான். அதாவது, அது விதைக்குத் தயாராகும் வேளையில்தான் நம் கை அதன்மீது படுகிறது. ஒருவர் இரண்டு கன்று எடுக்கிறார் என்பது உண்மையாக இருக்கலாம். அவர் அந்த இடத்தின் பெயரைப் படத்தோடு இங்கே பதிந்த பின், எத்தனை பேர் போவார்கள் என்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது, செடியைப் பறிக்காமல் படம் எடுங்கள், நீரின் வெப்பத்தையும் பி.எச். அளவையும் குறித்துக்கொள்ளுங்கள், அடியில் மணலா வண்டலா பாறையா என்று எழுதுங்கள், ஆனால் பொதுவில் பதியும்போது ஊரின் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளம் ஒதுக்கிப் போட்ட செடி ஊருக்குள் வாய்க்காலில் கிடைத்தால், அதை எடுப்பதற்கு எனக்கு மறுப்பில்லை.

தொட்டிப்பிரியன்

பூக்கும் பருவம் பற்றி நீங்கள் சொன்னது வலுவான வாதம். இடப்பெயரைப் பதியாமல் இருப்பதை முழுமையாக ஏற்கிறேன். அவரவர் ஊர் வாய்க்காலையும் வயலையும் தாண்டி எடுப்பதில்லை என்பதையும் ஏற்கலாம்.

பாலக்காட்டுத் தமிழன்

இதுவரை எடுப்பதைப் பற்றியே பேசிவிட்டோம். கொட்டுவதைப் பற்றியும் பேச வேண்டும். 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரை அருகே ஆவளப்பாண்டியில் நீரோடை முழுவதும் இளஞ்சிவப்புப் பூக்களால் மூடப்பட்ட காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைக் காணத் திரள் திரளாக மக்கள் வந்தார்கள். அந்தச் செடி கபோம்பா ஃபர்கேட்டா. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, மீன்தொட்டிச் செடியாக விற்கப்படுவது. அழகை ரசித்தவர்கள் தண்டுகளை ஒடித்து வீட்டுக்கும் எடுத்துச் சென்றார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது, ஏனெனில் ஒடிந்த சிறு துண்டிலிருந்தும் அது முளைக்கும். அப்படி அடர்ந்த செடியின் அடியில் ஒளி புகாது; இந்த இழையில் நாம் பட்டியலிடும் லிம்னோஃபிலாவும் கொட்டியும் அங்கே பிழைக்க வழியில்லை.

கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று அழைக்கப்படும் சால்வினியா மொலெஸ்டாவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. 1980களில் அதை உண்ணும் ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் வயல்களும் வாய்க்கால்களும் மூச்சுவிட்டன. எல்லாச் செடிக்கும் அப்படி ஒரு வண்டு கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கத்தரித்த தண்டுகளையும் தொட்டியை மாற்றும்போது வெளியேறும் நீரையும் வடிகாலில் விடாமல், செடிகளை வெயிலில் முற்றிலும் காயவைத்து உரக்குழியில் போட வேண்டும். நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். மகாவலி சொன்ன சான் மார்கோஸ் ஆற்றின் கதையும், நம் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா புளோரிடாவின் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டிருக்கும் கதையும் ஒன்றுதான். உள்நாட்டுச் செடிகளை மட்டும் வளர்ப்பவரின் கை தவறினாலும், அந்த ஊர் ஏரிக்கு இத்தகைய கேடு வராது. ஏரிக்கரை அவர்களின் திட்டத்தில் என்னைக் கவர்ந்த பெரிய நன்மை இது.

புதியவன்

இன்னும் ஒரு கேள்வி. சந்தையில் கிடைத்த கொட்டிக்கிழங்கை நட்டேன். நன்றாக வளர்ந்து, நீர்மேல் மிதக்கும் இலைகளும் வந்து, பூக்கதிரும் விட்டது. இப்போது இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி அழுகுகின்றன. உரம் போட வேண்டுமா?

ஏரிக்கரை

உரம் வேண்டாம், தம்பி. கிழங்கை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது உறங்கப் போகிறது என்று பொருள். நம் ஏரிகளில் பெரும்பாலானவை கோடையில் வற்றுபவை. நீர் வற்றும்போது கொட்டி இலைகளைக் கைவிட்டு, சேற்றுக்குள் கிழங்காக இருந்து, அடுத்த மழையில் மீண்டும் எழுகிறது. அற்ற குளத்தை விட்டுப் பறவைகள் பறந்தாலும் கொட்டியும் ஆம்பலும் நீங்காமல் கிடப்பதைப் பள்ளியில் மூதுரையில் படித்தோமே, அது இந்தச் செடியைக் கண்ணால் கண்டவர் பாடியது. கிழங்கை ஈரமணல் நிரப்பிய கிண்ணத்தில் புதைத்து, நிழலான இடத்தில் சில வாரங்கள் வைத்துவிட்டு, பின்னர் தொட்டியில் நடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைகளில் அப்போனோஜீட்டன் என்று விற்கப்படும் கிழங்குகளில் பல, கொட்டியையும் இலங்கையின் கிறிஸ்பஸையும் கலந்து உண்டாக்கிய கலப்பினங்கள். அவற்றில் சில ஓய்வு எடுக்காமலேயே ஆண்டு முழுதும் இலை விடும்.

மகாவலி

வண்டல் பற்றி யாரும் எச்சரிக்கை சொல்லவில்லை. இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பாக இட வேண்டாம். அதற்கு மேல் இட்டால் அடியில் ஒட்சிசன் அற்றுப்போய் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசினால் அதுதான் அடையாளம்; வேர்களும் கறுத்துவிடும். முதல் நாளிலிருந்தே செடிகளை நெருக்கமாக நடுவதே சிறந்த மருந்து, ஏனெனில் க்ரிப்டோகொரைனியும் வாலிஸ்நேரியாவும் வேர் வழியாக மண்ணுக்குள் ஒட்சிசனைக் கசியவிடும் தன்மை கொண்டவை. புதிய வண்டலிலிருந்து அமோனியா கசிவதனால் முதல் சில வாரங்களுக்கு மீன் விட வேண்டாம்.

கடைமடை உழவன்

வண்டலைக் குளத்திலிருந்து ஈரமாக அள்ளாதீர்கள். கோடையில் வயலில் கொட்டிக் காய்ந்து வெடித்த வண்டலே நல்லது. சாணமோ தொழுவுரமோ கலக்காத வயலா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

ஏரிக்கரை

எல்லோருடைய கருத்துகளையும் கேட்ட பின் திட்டத்தில் சில மாற்றங்களைச் செய்கிறேன். லிம்னோஃபிலா, ஆசிரியை அம்மா சொன்னபடி, சன்னலை ஒட்டிய மூலைக்குப் போகிறது. அதன் நுனியை நீருக்கு வெளியே வளர விடுவேன். வண்டல் இரண்டரை சென்டிமீட்டர், அதன் மேல் அதே அளவு மணல். ரோட்டாலாவை இந்தத் தொட்டியில் சேர்க்கவில்லை. கோயம்புத்தூர்த் தம்பி சிறுவாணி நீரில் முயன்று பார்த்து எழுதட்டும். மீன்களை, செடிகள் வேரூன்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உழவர் ஐயாவின் பகுதியில் மருந்தில்லா வயலிலிருந்து ஆரை கிடைத்தால், அதைப் பெருக்கி, தொட்டியிலேயே வளர்ந்த துண்டுகளை இங்குள்ளவர்களுக்கு அஞ்சல் செலவுக்கு மட்டும் அனுப்ப அணியமாக இருக்கிறேன். ஈரச்செய்தித்தாளில் சுற்றி, காற்றுப்புகாத உறையில் வைத்தால் ஆரை பயணத்தைத் தாங்கும். வேண்டுவோர் தங்கள் நீர் மென்மையா கடினமா என்பதையும் குறிப்பிட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள். கபோம்பா வைத்திருப்பவர்கள் அதைக் காயவைத்து அழித்துவிட்டு எழுதினால், அவர்களுக்கு முதலில் அனுப்புவேன்.